சுன் லி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனத் தொடர்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு அரண்மனைக் கதையில்தான் காலடி வைக்கிறார்கள். அங்கிருந்து சுன் லியிடம் வந்து சேர அதிக நாள் ஆவதில்லை. வந்த பிறகு கேள்விகள் வரிசைகட்டி நிற்கும். யார் இவர், வேறு எதில் நடித்திருக்கிறார், அந்தக் கதையெல்லாம் நிஜமா, எதை முதலில் பார்ப்பது? அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரு முன்னெச்சரிக்கை: 'ஜென் ஹுவான் வரலாறு' பற்றிய பகுதியில் கதையின் முடிவும் வருகிறது. தெரியாமல் பார்க்க வேண்டும் என்பவர்கள் அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

சுன் லி யார்?

1982 செப்டம்பர் 26 அன்று ஷாங்காயில் பிறந்த நடிகை. 2003 முதல் தொலைக்காட்சியில் கதாநாயகியாக நடித்து வருகிறார். 2011-ல் வெளியான 'ஜென் ஹுவான் வரலாறு' அவரைச் சீனாவின் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அந்தத் தொடருக்குப் பிறகு ரசிகர்கள் அவரை 'மகாராணி' என்று பொருள்படும் அரண்மனைச் சொல்லால்தான் அழைக்கிறார்கள். அவருடைய கணவரே பேட்டிகளில் அப்படிச் சொல்லிக் கேலி செய்வதுண்டு.

இருபது ஆண்டுகளுக்கு மேல் நடித்தும் அவருடைய தொடர்களின் பட்டியல் நீளமானதல்ல. ஒரு தொடர் முடிந்தால் அடுத்ததற்கு ஒன்றிரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். வருவது எதுவானாலும் அதில் முழுதாக இருப்பார்.

சுன் என்பது பெயரா, லி என்பது பெயரா?

சுன் குடும்பப் பெயர், லி அவருக்கு வைத்த பெயர். சீனத்தில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். இந்தப் பக்கத்தில் வரும் மற்ற சீனப் பெயர்களும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் இருக்கின்றன; ஜெட் லி, பீட்டர் ஹோ, அடா சோய் மாதிரி ஆங்கில முறையில் அறியப்படுபவர்களுக்கு மட்டும் குடும்பப் பெயர் பின்னால் வரும்.

அவருடைய இளமை எப்படி இருந்தது?

வசதியான வீடு இல்லை. சிறுமியாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அம்மா ஒருவராகவே வேலை பார்த்து வளர்த்தார். பகல் வேலை போதாமல் வேறு வேலைகளும் பார்த்தார். அந்த நாட்களைப் பற்றி சுன் லி பின்னாளில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அம்மாவைச் சீக்கிரம் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் என்ற எண்ணம்தான் தன்னை வேலைக்குத் துரத்தியது என்பது அந்தப் பேச்சுகளின் சாரம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது நடனம். சின்ன வயதிலிருந்தே நடனம் கற்றவர். ஷாங்காயில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குக் குழந்தைகளைத் தயார்செய்யும் கலைக்குழுவில் இருந்தார். பதினைந்து வயதுவாக்கில் ஷாங்காய் ராணுவக் காவற்படையின் கலைக்குழுவில் நடனக்காரியாகச் சேர்ந்தார். சீன ராணுவத்துக்கென்று பாட்டு, நடனம், நாடகம் எல்லாம் நடத்தும் கலைக்குழுக்கள் உண்டு. சீருடை, விடியற்காலைப் பயிற்சி, தங்குமிடம் எல்லாம் ராணுவ ஒழுங்கில்தான் நடக்கும். அவருடைய நடிப்பில் தெரியும் உடல் கட்டுப்பாடு அங்கே வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கழுத்து, தோள், நடை எதுவும் அவரிடம் தானாக அசையாது.

நடிப்புக் கல்லூரியில் படித்தவரா?

இல்லை. சீனாவின் முன்னணி நடிகர்களில் பெரும்பாலோர் பெய்ஜிங் திரைப்படக் கல்லூரி, மத்திய நாடகக் கல்லூரி, ஷாங்காய் நாடகக் கல்லூரி ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்து வருபவர்கள். எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு வகுப்பு என்பதெல்லாம் அங்கே ஒரு அடையாள அட்டை மாதிரி. சுன் லி அந்த வழியில் வரவில்லை. 2001-ல் சிங்கப்பூர் தொலைக்காட்சி நடத்திய 'ஸ்டார் சர்ச்' என்ற புதுமுகப் போட்டியில் கலந்துகொண்டு இறுதிச் சுற்று வரை போனார். பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் ஹாய்ருன் என்ற சீனத் தயாரிப்பு நிறுவனத்தின் கண்ணில் பட்டார். அங்கேதான் கதை திரும்பியது.

முதல் பெரிய வாய்ப்பு எது?

2003-ல் வந்த 'பச்சைக்கல் கருணைத் தேவி'. ஹாய் யான் என்ற எழுத்தாளரின் நாவலை டிங் ஹெய் இயக்கினார். யுன்னான் மாகாணத்தில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் வேலை பார்க்கும் ஆன் ஷின் என்ற இளம் போலீஸ்காரியின் கதை. அவள் மனம் கொடுத்தவனே போதைப்பொருள் கடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்று தெரிய வருகிறது. அதற்குப் பிறகு அவளுக்கு நடப்பது ஒவ்வொன்றும் கொடுமை. கணவன் போகிறான், பெயரை மாற்றிக்கொண்டு ஊர் ஊராக ஒளிந்து வாழ வேண்டியிருக்கிறது, கடைசியில் பிள்ளையும் போகிறது.

இருபது வயதுப் புதுமுகத்தின் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றியது துணிச்சல்தான். இன்றைக்குப் பார்த்தால் சில காட்சிகளில் அனுபவக் குறைவு தெரியும். ஆனாலும் அழவேண்டிய இடத்தில் அழுகையை விழுங்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பழக்கம் அப்போதே இருக்கிறது. அதே கதையை இயக்குநர் ஆன் ஹுய் சினிமாவாகவும் எடுத்தார். அதில் ஆன் ஷின்னாக நடித்தவர் ஜாவ் வெய். பெயர் பெற்ற நட்சத்திரம் ஒருபக்கம், முன்பின் தெரியாத பெண் இன்னொரு பக்கம். அப்படியிருந்தும் ஆன் ஷின் என்றால் தொடரில் வந்த முகத்தையே நினைப்பவர்கள் ஏராளம்.

அதற்கும் 'ஜென் ஹுவான்' தொடருக்கும் நடுவில் என்ன செய்தார்?

நிறையவே செய்தார். 2005-ல் 'பூவைப் போல மகிழ்ச்சி' என்ற தொடரில் ராணுவக் கலைக்குழு நடனக்காரியாக நடித்தார். தான் வாழ்ந்த வாழ்க்கையையே நடித்த மாதிரி. கூட நடித்தவர் டெங் ச்சாவ். பிற்பாடு அவரையே மணந்துகொண்டார். 2007-ல் பழைய ஹாங்காங் தொடரின் மறு ஆக்கமான 'புதிய ஷாங்காய் கரை'யில் ஃபெங் செங்செங் பாத்திரம். அப்புறம், போர் முடிந்தபின் சீனாவிலேயே விடப்பட்ட ஜப்பானியப் பெண்ணாக 'சித்தி துவோஹே'. இது அதிகம் பேசப்படாமல் போன தொடர். மொழி தெரியாத ஊரில், பிள்ளை பெற்றுத் தருவதற்காகவே வாங்கப்பட்ட பெண்ணாக, சொந்தப் பிள்ளைகளுக்கே சித்தி என்ற பெயரில் வாழும் பாத்திரம். வசனம் குறைவு, பார்வை அதிகம். ஜென் ஹுவானுக்கு முன்னால் அவர் எடுத்த பெரிய பயிற்சி இதுதான் என்பது என் எண்ணம்.

'ஜென் ஹுவான் வரலாறு' எதைப் பற்றியது?

லியூ லியன்ஸி என்பவர் இணையத்தில் எழுதிய நாவல். அதை ஜெங் ஷியாவ்லோங் 76 எபிசோடுகளாக இயக்கினார். நாவல் கற்பனை வம்சம் ஒன்றில் நடக்கிறது. இயக்குநர் அதைச் சிங் வம்சத்து யோங்ஜெங் பேரரசரின் காலத்துக்கு, அதாவது 1722 முதல் 1735 வரையிலான ஆட்சிக்கு, மாற்றினார். அந்த ஒரு மாற்றம் தொடருக்கு எலும்பு கொடுத்தது. உடை, சடங்கு, பட்டம், அரசியல் எல்லாவற்றுக்கும் ஒரு நிலம் கிடைத்தது. படப்பிடிப்பு 2010 இலையுதிர்காலத்தில் தொடங்கி 2011 ஜனவரி வரை நடந்தது. ஜெஜியாங் மாகாணத்தின் ஹெங்தியானில் பெய்ஜிங் அரண்மனையை அதே அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். சீனாவின் அரண்மனைத் தொடர்களில் பெரும்பாலானவை அங்கேதான் எடுக்கப்படுகின்றன.

கதை இதுதான். அதிகாரி ஒருவரின் மகள் ஜென் ஹுவான், பேரரசருக்குப் பெண் தேர்ந்தெடுக்கும் நாளில் அரண்மனைக்கு வருகிறாள். தேர்வாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் வருகிறாள், தேர்வாகிவிடுகிறாள். உள்ளே பட்டத்தரசியும் ஹுவா என்ற செல்வாக்கு மிக்க அரசியும் ஆளுக்கொரு கட்சி. ஜென் ஹுவான் காதலிக்கிறாள், நம்புகிறாள், கருவை இழக்கிறாள், அரசரின் மனதில் தனக்கு என்ன இடம் என்று தெரிந்துகொள்கிறாள், மடத்துக்குப் போகிறாள், அங்கே தன்னை உண்மையாக நேசிக்கும் பேரரசரின் தம்பி இளவரசர் குவோவைக் காண்கிறாள், அவரும் இறந்துவிட்டதாகச் செய்தி வரவே வயிற்றில் பிள்ளையோடு மறுபடி அரண்மனைக்குத் திரும்புகிறாள். திரும்பி வருபவள் பழைய ஜென் ஹுவான் அல்ல.

வெறும் சக்களத்திச் சண்டை என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. சண்டை இருக்கிறது, சூழ்ச்சியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்கள் எல்லோரையும் ஒரே கூண்டில் அடைத்து ஒருத்திமேல் ஒருத்தியை ஏவிவிட்ட அமைப்பைத்தான் தொடர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. வில்லியாக வரும் ஹுவாகூடக் கடைசியில் நம்மைக் கலங்கடிக்கிறாள். அந்தப் பாத்திரத்தில் ஜியாங் ஷின், பட்டத்தரசியாக ஹாங்காங் நடிகை அடா சோய், பேரரசராக சென் ஜியான்பின் என்று ஒவ்வொருவரும் ஒருவருக்கொருவர் சளைக்காமல் நடித்திருக்கிறார்கள்.

அதில் சுன் லியின் நடிப்பில் அப்படி என்ன விசேஷம்?

காலம். ஒரு மனுஷி எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாகிறாள் என்பதை அவர் காட்டும் விதம்.

முதல் எபிசோடுகளில் வரும் ஜென் ஹுவானைப் பாருங்கள். வார்த்தைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். தலை சட்டென்று திரும்பும், கண் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். சாமர்த்தியசாலிதான், ஆனால் நினைப்பது முகத்தில் தெரிந்துவிடும். தோட்டத்து ஊஞ்சலில் இருக்கும்போது பேரரசர் தன்னை இளவரசர் குவோ என்று பொய் சொல்லி அறிமுகமாகும் காட்சியில், எதிரே நிற்பவர் யாரென்று தெரியாத ஒரு சின்னப் பெண்ணின் தயக்கமும் ஆவலும் ஒரே முகத்தில் மாறி மாறி வரும்.

நடுவில் உடைக் காட்சி. பட்டமேற்பு நாளன்று அவளுடைய சடங்கு உடை கிழிந்து கிடக்கிறது. அவசரத்துக்கு வேறொரு பழைய உடையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அது பேரரசரின் இறந்துபோன முதல் மனைவி சுன்யுவானுடையது. அவளுக்கு அது தெரியாது. பேரரசர் பார்த்ததும் ஒரு நொடி முகம் மலர்கிறது, அடுத்த நொடி எரிகிறது. இதுவரை தன்மேல் பொழிந்த அன்பெல்லாம் வேறொருத்தியின் சாயலுக்குக் கிடைத்தது என்று அவளுக்குப் புரிகிறது. சுன் லி அந்த இடத்தில் அலறவில்லை. முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல வடிகிறது, அவ்வளவுதான். அடக்கி வாசிப்பது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

மடத்திலிருந்து திரும்பி வந்தபிறகு இமை தாழ்வதே ஒரு கணக்கோடு நடக்கும். சிரிப்பு வரும், கண்வரை போகாது. ஒரு வாக்கியம் முடிந்த பிறகும் முகம் அப்படியே நிற்கும், எதிரில் இருப்பவர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பேசத் தொடங்கிவிடுவார். கடைசியில் பேரரசரின் மரணப் படுக்கை. பிள்ளைகள் தன்னுடையவர்கள்தானா என்று அவர் கேட்கிறார். நாட்டு மக்கள் எல்லோரும் உங்கள் பிள்ளைகள்தானே என்ற பொருளில் பதில் சொல்கிறாள். குரல் ஏறுவதில்லை. அவர் உயிர் பிரிந்த பின், ஊஞ்சலுக்கருகே அவர் சொன்ன அந்த முதல் பொய்யை நினைத்து, ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தப்பாகத்தான் இருந்ததோ என்று பேசும்போதுதான் கண்ணீர் வருகிறது. வெறுப்பு, இரக்கம், களைப்பு, பழைய காதலின் மிச்சம் எல்லாம் அதில் இருக்கிறது.

இரண்டு மணி நேரப் படத்தில் இதைச் செய்ய முடியாது. எபிசோடுக்கு 45 நிமிடம் வைத்தால் 76 எபிசோடுகள் ஏறக்குறைய 57 மணி நேரம். அத்தனை நேரத்துக்கும் ஒரு மாற்றத்தை அளந்து அளந்து கொடுக்க வேண்டும். படப்பிடிப்போ கதை வரிசையில் நடக்காது. காலையில் கடைசி எபிசோடு, மதியம் பத்தாவது எபிசோடு என்று எடுப்பார்கள். அப்படி எடுத்தும் அந்தக் கோடு எங்கும் அறுபடவில்லை. சுன் லியைப் பெரிய நடிகை என்று நான் சொல்வது இதனால்தான்.

நெட்ஃபிளிக்ஸில் வந்த சுருக்கமான வடிவம் போதாதா?

போதாது. 2015-ல் அமெரிக்காவில் வெளியான அந்த வடிவம் தலா 90 நிமிடம் கொண்ட ஆறு பகுதிகள். ஒன்பது மணி நேரம். கதை புரியும். ஆனால் மேலே சொன்ன மெதுவான மாற்றம்தான் வெட்டில் முதலில் போயிருக்கிறது. நேரம் இல்லாதவர்கள் முழுத் தொடரின் முதல் 20 எபிசோடுகளை மட்டும் பார்த்தாலும் அதைவிட நல்லது.

நாம் கேட்பது அவருடைய சொந்தக் குரலா?

'ஜென் ஹுவான்' தொடரில் இல்லை. அந்தக் குரல் ஜி குவான்லின் என்ற டப்பிங் கலைஞருடையது. சீனாவில் சரித்திரத் தொடர்களுக்கு வேறொருவர் குரல் கொடுப்பது வெகுகாலமாக உள்ள வழக்கம். படப்பிடிப்புத் தளத்தின் சத்தம் ஒரு காரணம். ஹாங்காங், தைவான் நடிகர்களின் உச்சரிப்பு வேறுபடுவது இன்னொன்று. இந்தத் தொடரில் அந்தக் குரலும் முகத்தோடு சேர்ந்தே வயதாகிறது. தொடக்கத்தில் மெல்லிய குரல், முடிவில் அடிவயிற்றிலிருந்து நிதானமாக வருகிறது. ஆகவே ஜென் ஹுவானைப் புகழும்போது ஜி குவான்லினுக்கும் பங்கு கொடுப்பதுதான் நியாயம். நிகழ்காலக் கதைகளில் நடிக்கும்போது சுன் லியின் சொந்தக் குரலையே கேட்கலாம்.

பட்டங்கள் குழப்புகின்றனவே, யார் பெரியவர்?

முதல் சில எபிசோடுகளில் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. மேலிருந்து கீழாகச் சொன்னால்: பட்டத்தரசி ஹுவாங்ஹோ ஒருவர். அடுத்து ஹுவாங்குய்ஃபெய் ஒருவர். பிறகு குய்ஃபெய் இருவர், ஃபெய் நால்வர், பின் ஆறுபேர். அதற்குக் கீழே குய்ரென், சாங்ஸாய், தாயிங் ஆகிய மூன்று படிகள். இவற்றுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஜென் ஹுவான் சாங்ஸாயாக உள்ளே வந்து, குய்ரென், பின் என்று ஏறி, எல்லாவற்றையும் இழந்து வெளியே போய், திரும்பும்போது ஃபெய், அப்புறம் குய்ஃபெய், முடிவில் அரசரின் தாயாகப் பெருந்தேவி. யார் யாருக்கு எவ்வளவு குனிகிறார்கள் என்று கவனித்தால் பட்டியலே தேவைப்படாது.

ஜென் ஹுவான் உண்மையில் வாழ்ந்தவரா?

பாத்திரம் கற்பனை. யோங்ஜெங்குக்குப் பின் ஆண்ட சியான்லோங் பேரரசரின் தாயாரான நியோஹுரு குலத்துப் பெருந்தேவிதான் அதற்கு அடிப்படை. 1692-ல் பிறந்து 1777-ல் இறந்தவர். மகனின் மரியாதையோடு நீண்டநாள் நிம்மதியாக வாழ்ந்தவர் என்று வரலாறு சொல்கிறது. மடத்து வாசம், இளவரசர் குவோவுடன் காதல், விஷக் கோப்பை எதற்கும் ஆதாரம் கிடையாது. சரித்திரம் படிக்க இந்தத் தொடரைத் தேட வேண்டாம்.

தொடருக்கு எதிர்ப்பும் வந்ததாமே?

வந்தது. 2013-ல் சீனாவின் ஆளும் கட்சி நாளேடான 'மக்கள் நாளிதழ்' இதைக் கொரியாவின் 'தே ஜாங் கும்' தொடரோடு ஒப்பிட்டுக் கண்டித்தது. அந்தக் கொரியக் கதாநாயகி கெட்டவர்கள் நடுவிலும் நல்லவளாகவே இருந்து வெல்கிறாள், ஜென் ஹுவானோ கெட்டவர்களைவிடக் கெட்டவளாகி வெல்கிறாள், இது இளைஞர்களுக்குத் தவறான பாடம் என்பது வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜென் ஹுவான் வென்றதாகத் தொடர் எங்கும் கொண்டாடவில்லை. காதலித்தவர் அவள் கண்ணெதிரே விஷம் குடித்துச் சாகிறார், தோழிகள் போய்விட்டார்கள், மிஞ்சியது ஒரு பெரிய நாற்காலி. அதைப் பாடமாக எடுத்துக்கொண்டு யாரும் அங்கே போக ஆசைப்பட மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் சீன இளைஞர்கள் ஒவ்வொரு காட்சியையும் அலசி இணையத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பின்னால் நிற்கும் சேடி எந்தப் பக்கம் பார்த்தாள் என்பதற்குக்கூட விளக்கம் கிடைக்கும்.

'ரூயி' தொடர் இதன் தொடர்ச்சியா? அதில் சுன் லி இருக்கிறாரா?

அதே எழுத்தாளரின் அடுத்த கதைதான். ஜென் ஹுவான் அதில் பெருந்தேவியாக வருகிறார். ஆனால் 2018-ல் வெளியான அந்தத் தொடரில் அவராக நடித்தவர் விவியன் வூ, கதாநாயகி ஜோ ஷுன். சுன் லி இல்லை. அதே ஆண்டு வந்த 'யன்ஷி அரண்மனை' முற்றிலும் வேறு கதை.

'மீ யுவே வரலாறு' எப்படி?

2015-ல் அதே இயக்குநரோடு சேர்ந்து நடித்த தொடர், 81 எபிசோடுகள். இந்த முறை பாத்திரம் வரலாற்றில் இருந்தவர். கி.மு. 4, 3-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சின் நாட்டுப் பெருந்தேவி ஷுவான். சு நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, மகன் அரசரான பின் பல்லாண்டு ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர். சீனாவை ஒன்றாக்கிய முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் இவருடைய கொள்ளுப்பேரனின் மகன்.

எதிர்பார்ப்பு வானளவு இருந்தது. வந்த விமர்சனங்கள் கலவையானவை. கதை நடுவில் இழுக்கிறது, அதை மறைக்க முடியாது. சிறு பெண்ணாக வரும் ஆரம்பப் பகுதிகளில் சுன் லியும் கொஞ்சம் செயற்கையாகத் துள்ளுகிறார். ஆனால் ஆட்சி கைக்கு வந்தபின், கலகம் செய்த படைவீரர்கள் முன்னால் நின்று பேசும் காட்சிக்காகவே தொடரைப் பார்க்கலாம். யாரையும் கெஞ்சவில்லை, யாரையும் மிரட்டவுமில்லை. இந்த நாடு உங்களுக்கு என்ன தரும் என்று கணக்குச் சொல்கிறாள். 2016-ல் ஷாங்காய் தொலைக்காட்சி விழாவின் மக்னோலியா விருது, சிறந்த நடிகைக்காக, இந்தப் பாத்திரத்துக்குத்தான் கிடைத்தது. சொந்த ஊரின் விருது.

அரண்மனைக் கதை அலுத்துவிட்டது. வேறு என்ன பார்க்கலாம்?

'அந்த ஆண்டு பூ மலர்ந்தது, நிலவு நிறைந்தது' என்ற 2017 தொடர். எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். ஷான்ஷி மாகாணத்தின் ஜிங்யாங்கில் சிங் ஆட்சியின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஜோ யிங் என்ற வணிகப் பெண்ணின் கதை. இளம் வயதில் விதவையாகி, நொடித்துப்போன வூ குடும்பத்து வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தியவர். 1900-ல் வெளிநாட்டுப் படைகள் பெய்ஜிங்கில் புகுந்தபோது சியான் நகருக்குத் தப்பி வந்த பெருந்தேவி சிஷியிடம் பட்டம் பெற்றவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

தொடரில் ஜோ யிங் தெருவில் வித்தை காட்டிப் பிழைப்பவனின் வளர்ப்பு மகள். சத்தமாகச் சிரிப்பாள், கை நிறைய அள்ளிச் சாப்பிடுவாள், பொய்யும் சொல்வாள். ஜென் ஹுவானின் அடக்கத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆள்தானா என்று தோன்றும். நூல், துணி, மருந்து, தேயிலை என்று வியாபாரம் எப்படி நடந்தது, வேலையாட்களையே பங்குதாரர்களாக ஆக்கும் யோசனை எப்படி வேலை செய்தது என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்கிறது.

இதை இயக்கியவர், சுன் லியின் முதல் தொடரை இயக்கிய அதே டிங் ஹெய். முதல் தொடரில் அவள் வாழ்க்கையை நாசமாக்கும் கடத்தல்காரனாக வந்த பீட்டர் ஹோ, இதில் அவளைக் கையில் வைத்துத் தாங்கும் கணவனாக வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு அந்தச் சந்தோஷம் தனியாகக் கிடைக்கும்.

இன்றைய காலத்துக் கதைகளில் நடித்திருக்கிறாரா?

நடித்திருக்கிறார். 2013-ல் ஜாங் யியுடன் நடித்த தொடர், வேலையும் கைக்குழந்தையுமாகத் திண்டாடும் ஃபேஷன் பத்திரிகைப் பெண்ணைப் பற்றியது, லேசான கதை. 2020-ல் வந்த 'குடியமர்தல்' கனமானது. ஷாங்காயில் வீடு விற்கும் தரகு நிறுவனக் கிளை ஒன்றின் மேலாளர் ஃபாங் சிஜின். ஊருக்கெல்லாம் வீடு தேடிக் கொடுப்பவளிடம் அவளுடைய தாய் வந்து, தம்பிக்கு வீடு வாங்கப் பணம் கொடு என்று நச்சரிக்கிறாள். பெண்பிள்ளை சம்பாதிப்பது ஆண்பிள்ளைக்காக என்று நினைக்கும் வீடு. அலுவலகத்தில் புலியாக இருப்பவள் அம்மாவின் போன் வந்ததும் எப்படிச் சுருங்கிப்போகிறாள் என்று பாருங்கள். 2021-ல் 'லட்சிய நகரம்'. கட்டுமான நிறுவனத்தில் செலவு மதிப்பீட்டாளராக வேலை பார்க்கும் சு ஷியாவ். கணக்கைத் திருத்தி எழுத மறுத்ததற்காக அவள் படும் பாடு கதை. 2025-ல் ஒரு குற்றப் புலனாய்வுத் தொடரில் மறுபடி காவல் அதிகாரியாக வந்தார், ஆன் ஷின்னுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து.

சினிமாவில்?

ஜெட் லியுடன் 2006-ல் வந்த 'ஃபியர்லெஸ்' படத்தில் பார்வையற்ற கிராமத்துப் பெண். பாத்திரம் சிறிது, ஆனால் படத்தின் அமைதியான பகுதி முழுக்க அவருடையது. 2018-ல் ஜாங் யிமோவின் 'நிழல்' படத்தில் தளபதியின் மனைவி. தளபதியாகவும் அவருக்குப் பதிலாள் வேடம் போடுபவராகவும் இரட்டை வேடத்தில் நடித்தவர் அவருடைய கணவர் டெங் ச்சாவ். ஈட்டியை வெல்லக் குடையைப் பிடித்துக்கொண்டு பெண்ணின் நளினத்தோடு அசைய வேண்டும் என்று மழையில் அவள் செய்து காட்டும் இடத்தில், பதினைந்து வயதில் கற்ற நடனம் அப்படியே வெளிவருகிறது. இந்தப் படத்துக்காகத் தைவானின் தங்கக் குதிரை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். நடுவில் கணவர் இயக்கி நடித்த நகைச்சுவைப் படம் ஒன்றும் உண்டு. விமர்சகர்கள் அதை வறுத்தெடுத்தார்கள், நானும் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளிநாட்டு அங்கீகாரம் கிடைத்ததா?

2013-ல் சர்வதேச எம்மி விருதின் சிறந்த நடிகை பிரிவில் ஜென் ஹுவானுக்காகப் பரிந்துரைக்கப்பட்டார். விருது கிடைக்கவில்லை. ஜப்பானில் அந்தத் தொடர் அதே ஆண்டு ஒளிபரப்பாயிற்று. தைவானில் மறு ஒளிபரப்பு நிற்காமல் நடக்கிறது.

குடும்பம்?

டெங் ச்சாவுடன் 2011-ல் ஷாங்காயில் திருமண விழா. அந்த ஆண்டு நவம்பரில் மகன் பிறந்தான். 'ஜென் ஹுவான்' முதன்முதலில் ஒளிபரப்பானதும் அதே மாதம். 2014-ல் மகள். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகும் கதாநாயகியாகவே தொடர்கிறார்.

நடிப்புக்கு வெளியே என்ன செய்கிறார்?

தெருநாய்கள், கைவிடப்பட்ட பூனைகளுக்காக வெகுகாலமாகப் பாடுபடுகிறார். வாங்காதீர்கள், தத்தெடுங்கள் என்று தொடர்ந்து பேசி வருகிறார். மீட்ட பிராணிகளை வீட்டிலும் வளர்க்கிறார். தூரிகை எழுத்துப் பயிற்சி இன்னொரு பழக்கம். எழுதியதை அவ்வப்போது தன் சமூக ஊடகப் பக்கத்தில் போடுவார். முன்னேற்றத்தை ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்து வருகிறார்கள்.

சரி, எதை முதலில் பார்ப்பது?

பொறுமை இருந்தால் நேராக 'ஜென் ஹுவான்'. முழுத் தொடரும் ஆங்கில வசனவரியோடு யூடியூபில் கிடைக்கிறது. முதல் ஐந்து எபிசோடுகளில் பெயர்கள் மண்டையில் ஏறாது; விடாதீர்கள், ஹுவா அரசி பேசத் தொடங்கியதும் பிடித்துக்கொள்ளும். அரசர், பட்டம், சூழ்ச்சி எல்லாம் வேண்டாம் என்றால் ஜோ யிங்கின் வியாபாரக் கதை. வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்க 'குடியமர்தல்' பொருத்தம். அம்மாவும் மகளும் சேர்ந்து பார்த்தால் நடுவில் நிறுத்திவிட்டுப் பேசிக்கொள்ள நிறைய இருக்கும். முதல் தொடரை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பார்த்த கண்ணோடு அந்த இருபது வயதுப் பெண்ணைப் பார்க்கும்போதுதான் அவரிடம் எது ஆரம்பத்திலேயே இருந்தது, எது பின்னால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும்.